வீட்டு வட்டில் தொலைக்காட்சிப் பதிவு

தொலைக்காட்சி நிலையங்கள் தம் நிகழ்ச்சிகளைத் தாமே பேணிக் காக்கும் என்ற நம்பிக்கை எவ்வளவு ஆதாரமற்றது என்பதை அறிய விரும்புவோர், ஜப்பானின் பொது ஒளிபரப்பு ஸ்தாபனமாகிய என்.எச்.கே.யின் சரித்திரத்தைப் பார்த்தால் போதும். 1963-இல் அது தொடங்கிய முதல் பெரும் சரித்திர நாடகத் தொடரான ‘ஹனா நோ ஷோகாய்’ இன்று முழுமையாக இல்லை. முதற்பகுதி மட்டுமே எஞ்சியிருக்கிறது. ஒளிநாடா அக்காலத்தில் விலையுயர்ந்த பண்டமாயிருந்தபடியால், ஒளிபரப்பானதை அழித்து அதே நாடாவில் அடுத்ததைப் பதிவது வழக்கமாயிருந்தது. பிற்காலத்தில் அந்த ஸ்தாபனமே, பழைய பதிவுகள் எவரிடமேனும் உண்டோ என்று பொதுமக்களைக் கேட்கலாயிற்று. நேயர்களும் கலைஞர்களும் வீட்டில் வைத்திருந்த நாடாக்களிலிருந்து, இல்லாமற்போன நிகழ்ச்சிகள் பல திரும்பக் கிடைத்தன. வீட்டில் பதிவு செய்வதை வெறும் பொழுதுபோக்குப் பித்து என்று ஒதுக்குவோர்க்கு இதைவிட வலிய மறுமொழி வேண்டியதில்லை.

1999-இன் இறுதியில் பயோனியர் நிறுவனம் டிவிடி ரெக்கார்டரை ஜப்பானில் விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, நாடாவைச் சுற்றித் தேடும் சிரமம் நீங்கியது. பின்னர் ஹார்ட் டிஸ்கும் சேர்ந்துகொள்ளவே, முதலில் அதில் பதிந்து, விளம்பரங்களை வெட்டி நீக்கி, வேண்டியதை மட்டும் வட்டில் ஏற்றிப் பெயரெழுதி அடுக்கும் சௌகரியம் சாமானியக் குடும்பத்துக்கும் கிட்டியது. எதைக் காப்பது, எதை விடுவது என்று சிரத்தையோடு தேர்ந்தெடுக்கும் இப்பழக்கத்தையே நான் இம்முறையின் தலையாய குணமாகக் கருதுகிறேன்.

ஆனால் சாதாரண டிவிடி வட்டின் கொள்ளளவு 4.7 கிகாபைட்தான். உயர்தர எக்ஸ்.பி. முறையில் ஒரு மணி நேரமே கொள்ளும் அதில், ஆசை மிகுந்தவர்கள் இ.பி. முறையில் ஆறு மணி நேரத்தை அடைத்துவிடுகிறார்கள்; அப்போது நடிகரின் அசையாத முகம் ஒருவாறு தெளிவாகத் தெரிந்தாலும், பொங்கும் அருவியும் ஓடும் கூட்டமும் சிறு சிறு சதுரங்களாகச் சிதறிவிடுகின்றன. பதிந்த பின், பிற கருவிகளிலும் ஓடும்படி முடித்துவைக்கும் ‘பைனலைஸ்’ வேலையைச் செய்ய மறந்த வட்டைப் பல கருவிகள் ஏற்பதில்லை. ஒரே முறை பதியும் வட்டின் சாயப்படலமோ வெயிலிலும் வெப்பத்திலும் கெட்டுப்போகும் இயல்புடையது.

இவையெல்லாம் எச்சரிக்கையால் ஓரளவு தவிர்க்கத்தக்கவை. தவிர்க்கவொண்ணாத பெருந்தோஷம், கருவிக்கு வெளியிலிருந்து வந்த பூட்டேயாகும். 2004 ஏப்ரல் முதல் ஜப்பானிய டிஜிட்டல் ஒளிபரப்பை ஒரே முறைதான் பதியலாம் என்ற நிர்ப்பந்தம் வந்தது. ஹார்ட் டிஸ்கிலிருந்து வட்டுக்கு மாற்றினால் மூலப்பதிவு அழிந்துவிடும், மாற்றும் நடுவில் பழுது நேர்ந்தால் இரண்டுமே போய்விடக்கூடும். மக்களின் அதிருப்திக்குப் பிறகு, 2008 ஜூலையில் ‘டப்பிங் 10’ என்ற தளர்வு அமலாயிற்று. ஒன்பது பிரதிகள் எடுக்கலாம், பத்தாவது முறை மூலமே வட்டுக்குப் போய்விடும். அப்பிரதிகள் எதிலிருந்தும் வேறொரு பிரதி எடுக்க இயலாது. உரிமையாளரின் நியாயமான வருவாயைக் காப்பது அவசியமே என்பதை நான் மறுக்கவில்லை. எனினும் கள்ள வியாபாரியைக் குறிவைத்த இவ்விதி, சொந்த வீட்டில் பேணுகிறவனையும் அதே கயிற்றால் கட்டிவிட்டது என்பதே என் அபிப்பிராயம்.

இப்போது வட்டில் பதியும் காலமே முடிந்துவருகிறது: டிவிடிக்குப் பின்வந்த ப்ளூ-ரேயிலும், சோனி நிறுவனம் 2025 பிப்ரவரியில் பதிவுக்குரிய வட்டுகளின் உற்பத்தியை நிறுத்திவிட்டது. இதுவரை டிஜிட்டல் ஒளிபரப்பிலிருந்து பதிந்து சேர்த்த வட்டுகள் வாரிசுகளின் கைக்குப் போகும்போது, வட்டும் அதைப் படிக்கும் கருவியும் நலமாயிருக்கும் வரை அவற்றைப் பார்க்கலாம். ஆனால் பழைய நாடாக்களிலிருந்து என்.எச்.கே. பிரதி எடுத்துத் தன் இழப்பை ஈடுசெய்ததுபோல் இவற்றிலிருந்து செய்துகொள்ள, அப்பூட்டு இடங்கொடாது.