அறை கூட்டுதலும் ஆண்டவன் பணியும்: ஜோர்ஜ் ஹேர்பேட்டின் கவிதையொன்றை முன்வைத்து

ஆங்கிலச் சமயக் கவிதையை ஆராய்வோர் ஜோர்ஜ் ஹேர்பேட்டை (1593–1633) ஜோன் டன்னுக்கு அடுத்த வரிசையில் வைத்து, அவரது உவமைத் திறனையும் யாப்பு நுட்பத்தையும் விதந்துரைப்பது வழக்கம். அவர் மறைந்த ஆண்டிலேயே வெளிவந்த 'ஆலயம்' என்னும் தொகுதியிலே 'எலிக்சர்' என்றொரு சிறு கவிதை உண்டு. அது அத்திறன்களுக்காக மட்டுமன்றி, எழுப்பும் வினாவுக்காகவும் ஊன்றிப் படிக்கத்தக்கது. அன்றாட உழைப்புக்கு, அதிலும் எவரும் விரும்பி ஏற்காத உழைப்புக்கு, கிறித்தவம் அளிக்கும் மதிப்பு யாது? அம்மதிப்பினால் உழைப்பவர் பெறுவது யாது?

கவிதை ஆறு சிறு செய்யுள்களாலானது. யாவற்றிலும் இறைவனைக் காணவும், எதைச் செய்யினும் அவன் பொருட்டே செய்யவும் தமக்குக் கற்பிக்குமாறு கவிஞர் வேண்டுகிறார். கண்ணாடியை நோக்குபவன் அதன் மேற்பரப்பிலேயே பார்வையை நிறுத்தவும் கூடும்; அதனை ஊடுருவி அப்பாலுள்ள விண்ணகத்தைக் காணவும் கூடும். அவ்வாறே, இறைவன் பொருட்டு என்னும் எண்ணத்தோடு அறையைக் கூட்டும் பணியாள் அறையையும் தன் செயலையும் ஒருங்கே மேன்மைப்படுத்துகிறான். தொட்டதைப் பொன்னாக்கும் கல் அந்த எண்ணமே என்று கவிதை முடிகிறது. நமது பரிசனவேதியை அறிந்தோர்க்கு இவ்வுருவகம் அந்நியமன்று. முந்திய கைப்படியொன்றில் இக்கவிதைக்கு 'நிறைவு' என்னும் பொருள்படும் தலைப்பே இருந்தது. பொதுப்படையான அறச்சொல்லை விடுத்து இரசவாதச் சொல்லைத் தேர்ந்தமை கவிஞரின் நல்ல முடிவு எனலாம். ஆயினும் இரசவாதத்தில் மாறுவது இரும்பு; அதைக் கையாள்பவரின் நிலை மாறுகிறதா என்பது வேறு விடயம்.

இக்கவிதையின் பின்னணியிலே சமயச் சீர்திருத்தம் உள்ளது. துறவியரும் குருமாரும் மட்டுமே இறைவனால் அழைக்கப்பட்டோர், ஏனையோரின் தொழில்கள் வெறும் உலகியல் என்ற மத்தியகாலப் பாகுபாட்டை மார்ட்டின் லூதர் 1520இல் ஜேர்மன் பிரபுக்களுக்கு எழுதிய நூலில் மறுத்தார். செருப்புத் தைப்பவன், கொல்லன், உழவன் யாவரும் தத்தம் தொழிலாலேயே பிறர்க்குப் பணிபுரிவோர் என்றார். இக்கருத்தின் பொருளாதார விளைவுகளை மக்ஸ் வெபர் 1904–05இல் ஆராய்ந்தமை பலரும் அறிந்ததே. தாழ்ந்ததெனக் கருதப்பட்ட கைத்தொழிலைத் திருப்பணிக்கு ஒப்பாக நிறுத்தியது சிறு மாற்றமன்று. ஹேர்பேட்டின் பணியாள் அம்மாற்றத்தின் பிள்ளை.

எனினும் இதனை யார், யாருக்குக் கூறுகிறார் என்று கேட்காமலிருக்க இயலாது. ஹேர்பேட் பெம்புறோக் பிரபுக்களின் உறவினர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் பேச்சாளராக விளங்கியவர். 1630இலேதான் பெமர்ட்டன் என்னும் கிராமத்தின் குருவானார். அறை கூட்டுவோரை ஏவும் குடும்பத்திற் பிறந்தவர். அவர் சார்பிலும் ஒன்று கூறவேண்டும். கவிதை பணியாளுக்குச் செய்யும் போதனையன்று. தன்னிலையில் அமைந்த மன்றாட்டு. அங்கே பணியாள் மாணவனல்லன், கவிஞருக்கு முன்மாதிரி. பிற்காலத்தில் இது சபையார் பாடும் ஞானப்பாட்டாகியபோது நிலைமை மாறிற்று. எசமானும் ஏவலாளும் ஒரே கூரையின்கீழ் ஒரே அடியைப் பாடுகையில், அது ஒருவருக்கு ஆறுதல், மற்றவருக்கு வசதி.

இவ்விடத்தில் விவிலியத்தையே துணைக்கழைப்பது தகும். எபிரேய மொழியில் 'அவோதா' என்னும் சொல் வேலையையும் வழிபாட்டையும் குறிக்கும். ஏதேன் தோட்டத்தைப் பண்படுத்த மனிதன் வைக்கப்பட்டான் என்னுமிடத்தில் வருவதும் அதன் வேர்ச்சொல்லே. இதனை எடுத்துக்காட்டி 'உழைப்பே வழிபாடு' எனப் பிரசங்கிப்போர் பலர். ஆனால் யாத்திராகமத்தில் எகிப்தின் செங்கற் சூளைகளிலே இஸ்ரவேலர் பட்ட கொத்தடிமை வேலைக்கும் அதே சொல்லே வழங்குகிறது. வைக்கோல் கொடுபடாது, கல்லின் எண்ணிக்கையும் குறைக்கப்படாது. இந்நிலையில் மோசே அம்மக்களிடம் செங்கற்களை இறைவன் பொருட்டுச் செய்யுங்கள் என்று கூறவில்லை. இறைவனுக்குப் பணிசெய்ய அவர்களைப் போகவிடுமாறு பார்வோனிடமே கேட்கிறார். ஒரே சொல், இருவேறு எசமானர். எண்ணத்தினால் எவ்வேலையும் பொன்னாகும் எனின், அம்மக்கள் எகிப்தை விட்டுப் புறப்பட்டிருக்க வேண்டியதில்லை. பார்வோனின் மறுமொழியும் கருதத்தக்கது: நீங்கள் சோம்பேறிகள், ஆதலாலேதான் வழிபடப் போகவேண்டும் என்கிறீர்கள் என்பதே அது.

தமிழிலும் இத்தகைய சொல்லொன்று உண்டு. சம்பளச் சீட்டிலே 'ஊழியர் சேமலாப நிதி' எனக் காணும் அதே ஊழியம், புரட்டஸ்தாந்து சபைகளின் வழக்கிலே நற்செய்திப் பணியை மட்டும் குறித்து நிற்கிறது. 'முழுநேர ஊழியர்' என்றால் அங்கே போதகர். லூதர் தகர்க்க முயன்ற மதிலை ஒரு சொல் வழக்கு சத்தமின்றி மீண்டும் எழுப்பிவிட்டது.

இருபதாம் நூற்றாண்டில் வேலையின் தன்மையையே வினவியோர் சிலர். விளம்பர நிறுவனமொன்றில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் பணியாற்றியவரான டொரதி சேயர்ஸ், 1942இல் நிகழ்த்திய 'ஏன் வேலை செய்யவேண்டும்?' என்னும் உரையில், தச்சனிடம் திருச்சபை முதலிற் கேட்கவேண்டியது நல்ல மேசையையே என்றார். வீண்தேவைகளை உண்டாக்கிப் பொருள் விற்கும் அமைப்பையும் சாடினார். ஹேர்பேட் வேலையின் எண்ணத்தை நோக்கினார். சேயர்ஸ் அதன் விளைபொருளையும் நோக்கினார். உழைப்பவரின் கூலி, சங்கம், உரிமை ஆகியவை பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1981இல் வெளியிட்ட உழைப்புப் பற்றிய சுற்றுமடலிலே விரிவாக இடம்பெறுகின்றன. உழைப்பு மூலதனத்துக்கு முற்பட்டது என்பது அம்மடலின் அடிப்படை.

இவற்றைக் கொண்டு ஹேர்பேட்டைத் தள்ளிவிடுதல் எளிது. ஆனால் அவரது உரைநடை அதற்கு இடந்தரவில்லை. அவர் மறைந்தபின் 1652இல் வெளிவந்த 'கிராமக் குரு' நூலிலே நாட்டின் பெரும்பாவம் சோம்பல் என்கிறார். பார்வோனின் சொல்லே போல் ஒலிப்பினும், அங்கே அவரது கண்டனம் நிலமும் செல்வமும் உடையோரையும் சென்று தாக்குகிறது. சொத்துக்கு உரிய மூத்த பிள்ளைகளும் அவர்தம் இளவல்களும் கூட ஒரு தொழிலை மேற்கொண்டே ஆகவேண்டும் என வற்புறுத்துகிறார். அறை கூட்டுபவனுக்கு ஒரு நியாயம், பிரபு மகனுக்கு வேறு நியாயம் என்று அவர் கொள்ளவில்லை. அந்த இளவல்களுக்கு உகந்த தொழில்களுள் ஒன்றாகக் கடல்கடந்த புதிய குடியேற்றங்களை அவர் சுட்டுகிறார். தக்கவாறு நடத்தினால் அது சமயப் பணியும் ஆகும் என்கிறார். அக்குடியேற்றங்களில் யாருடைய கைகள் உழைக்கவிருந்தன என்பது அவ்வதிகாரத்தில் எழாத வினா.