வெள்ளைத் துணியில் சேசுநாதர்

திண்டுக்கல் பக்கம் கன்னிவாடியில் படம் காட்டும் வேன் வந்த நாட்களில், மைதானத்தில் இரண்டு மூங்கில் நட்டு ஒரு வெள்ளைத் துணியைக் கட்டுவார்கள். முன்பக்கம் இடம் கிடைக்காதவர்கள் துணிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வோம். அங்கிருந்து பார்த்தால் சேசுநாதர் இடது கையால் ஆசீர்வாதம் கொடுப்பார். யாருக்கும் அது குறையாகப் பட்டதில்லை. ரீல் மாற்றும்போது கூட்டத்துக்குள் சுற்றும் கடலைக்காரர், சாட்டையடி தொடங்கியதும் கூடையை இறக்கிவைத்துவிட்டு நின்றுவிடுவார். பார்த்தவர்களில் பலர் மாதா கோயில் படி மிதிக்காதவர்கள். அந்தப் படம் ‘கருணாமூர்த்தி’. தெலுங்கில் 1978இல் வந்த ‘கருணாமயுடு’வின் தமிழ்க் குரல்.

குறைந்த செலவில் எடுத்த கிறிஸ்தவப் படங்கள் என்றதும் எல்லோரும் டோப்பா முடியையும் ஒட்டுத் தாடியையும் பற்றித்தான் முதலில் பேசுவார்கள். சிரிக்கலாம், தப்பில்லை, ரப்பர் செருப்பு போட்ட ரோமச் சிப்பாயை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் படம் விழுவது அங்கே இல்லை. வாயைத் திறக்கும்போதுதான் விழுகிறது.

இந்த வகைக்கு வயது அதிகம். 1905இல் திருச்சியில் ரயில்வே வரைவாளராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவியை விலைக்கு வாங்கினார். அதோடு வந்த சுருள்களில் ஒன்று இயேசுவின் வாழ்க்கை. கூடாரம் போட்டு ஊர் ஊராகப் போனவர் பிறகு கோயம்புத்தூரில் வெரைட்டி ஹாலைக் கட்டினார். பம்பாயில் தாதாசாகேப் பால்கே அப்படி ஒரு இயேசு படத்தைப் பார்த்துவிட்டுத்தான் ராமனையும் கிருஷ்ணனையும் திரையில் காணும் ஆசை கொண்டார். 1913இல் ‘ராஜா ஹரிச்சந்திரா’ வந்தது. ஆக, நம் நாட்டுப் புராணப் படத்துக்கும் தமிழ்நாட்டு டூரிங் கொட்டகைக்கும் சேசுநாதர் ஒரு வகையில் தாய்மாமன் முறை.

பணம் மட்டும் போதாது என்பதற்கு 1948ஐப் பார்க்கலாம். அந்த ஒரே ஆண்டில் இரண்டு ‘ஞானசௌந்தரி’கள் வந்தன. கைகள் வெட்டப்பட்டுக் காட்டில் விடப்பட்ட இளவரசிக்கு மாதா மீண்டும் கைகளைத் தரும் கதை. நாடகக் கம்பெனிகள் அதை ஏற்கெனவே ஊரெல்லாம் பழக்கிவைத்திருந்தன. ஒரு படம் சிட்டாடலுடையது, மற்றது ‘சந்திரலேகா’வைத் தந்த ஜெமினியுடையது. முந்திக்கொண்டு வந்த சிட்டாடல் படம் ஓடியது. எம்.வி. ராஜம்மாவும் டி.ஆர். மகாலிங்கமும் நடித்தார்கள், எஸ்.வி. வெங்கட்ராமன் இசையில் வந்த மாதா பாட்டு இன்றும் தமிழ்க் கத்தோலிக்க வீடுகளில் பாட்டிமார் வாயில் இருக்கிறது. ஜெமினியின் வாசன் தம் படத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். முந்தி வந்தது ஒரு காரணம்தான். பாட்டுதான் பெரிய காரணம் என்று எனக்குப் படுகிறது.

‘கருணாமயுடு’ பணமுடையில் இழுத்து இழுத்து முடிந்த படம். இயேசுவாக நடித்த விஜயசந்தரே அதைச் சுமந்தார். இயக்கியவர் ‘பாசமலர்’ பீம்சிங். படம் வெளிவருவதற்குள் மறைந்துவிட்டார். பாசமலர்க்காரரின் கை படத்தில் நன்றாகத் தெரியும்: இயேசு முதலில் ஒரு தாயின் மகன், அப்புறம்தான் போதகர். பாட்டு உண்டு, நின்று முகம் பார்க்க நேரம் உண்டு. அடுத்த ஆண்டே, 1979இல், அமெரிக்கர்கள் லூக்கா நற்செய்தியை அப்படியே வைத்துச் சுமார் 60 லட்சம் டாலரில் ‘ஜீசஸ்’ எடுத்தார்கள். உலகத்தில் மிக அதிக மொழிகளில் பேசிய படம் அதுதான். இரண்டையும் அதே துணியில் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அமெரிக்கப் படத்தை மரியாதையாகப் பார்த்தோம், தெலுங்குப் படத்துக்கு அழுதோம்.

மொழிச் சிக்கலுக்கு வருவோம். திண்டுக்கல்லில் பெரிய கோயில் இன்றைக்கும் சூசையப்பர் கோயில்தான். ஆனால் வேதப் புத்தகத்தைத் திறந்தால் அவர் யோசேப்பு. எங்கள் பாட்டிக்கு இராயப்பர், அருளப்பர். சீர்திருத்த சபையாருக்கு எப்போதும் பேதுரு, யோவான். 1995இல் கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையாரும் சேர்ந்து பொது மொழிபெயர்ப்பு கொண்டுவந்த பிறகு புத்தகத்தில் பெயர்கள் ஒன்றாயின, வாயில் ஆகவில்லை. படம் எடுப்பவர் இதில் எந்தத் தமிழைப் பிடிப்பார்? யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாதே என்று புத்தகத் தமிழைப் பிடிக்கிறார். மீன்பிடிக்கிறவனும் வரி வசூலிக்கிறவனும் மதுக்கடையில் நிற்பவனும் அதிகாரமும் வசனமும் எண் போட்டது மாதிரி பேசுகிறார்கள். யூதாசு முப்பது வெள்ளிக்காசுக்குப் பேரம் பேசும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தத் துண்டு ஒன்று போதும், பத்துப் பைசா கூடுதல் செலவில்லை. எந்தப் படத்திலும் அதை நான் பார்க்கவில்லை.

இன்றைக்குக் கல்யாண வீடியோ கேமராவே சினிமாத் தரத்தில் இருக்கிறது. ட்ரோன் வாடகைக்குக் கிடைக்கிறது. படம் பளிச்சென்று வருகிறது. சத்தம்தான் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. இன்றைய கிறிஸ்தவப் படங்களில் கதையோ அநேகமாக ஒன்றே: குடிக்கும் தகப்பன், ஜெபிக்கும் தாய், லாரி மோதுவது, ஆஸ்பத்திரி, மனந்திரும்புதல், கடைசியில் வெள்ளைச் சட்டையோடு ஞாயிறு ஆராதனை. எழுப்புதல் கூட்டத்தில் சாட்சி சொல்லும் வடிவம் இது. சாட்சி சொல்பவர் எதிரே நிற்கும்போது அதற்கு ஒரு பலம் உண்டு; முடிவுக்கு அவர் உடம்பே ஆதாரம். நடிகர் சொன்னால் அந்த ஆதாரம் போய்விடுகிறது.

சாட்சியைப் படமாக்கும் இந்தப் பழக்கத்துக்கு வெளியூரிலும் உறவினர் உண்டு. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஆல்பனி என்ற ஊரின் ஷெர்வுட் பாப்டிஸ்ட் சபை, விசுவாசிகளையே நடிக்கவைத்து 2006இல் ‘ஃபேசிங் தி ஜயன்ட்ஸ்’ எடுத்தது. செலவு சுமார் 1 லட்சம் டாலர், வசூல் 1 கோடிக்கு மேல். சபையே சோறாக்கி, சபையே தூக்கிச் சுமந்து எடுத்த உழைப்புக்குத் தலைவணங்கலாம். கதை? தோற்றுக்கொண்டிருந்த பயிற்சியாளர் ஜெபித்ததும் அணி ஜெயிக்கிறது, மனைவி கருவுறுகிறாள், புது வண்டி வேறு வந்து நிற்கிறது. வண்டி இல்லாமலேயே நான் நம்பியிருப்பேன்.

இப்படி ஒரு தமிழ்ப் படத்துக்கு வசனம் பார்த்துக் கொடுக்கும்படி ஒருமுறை என்னையும் கேட்டார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாய், “உனக்குக் கண்ணில்லையா ஆண்டவரே” என்று கேட்பதாக எழுதியிருந்தேன். “விசுவாசி அப்படிக் கேக்க மாட்டாங்கண்ணே” என்று அடித்துவிட்டார்கள். வேதாகமத்தில் யோபு கேட்டதைவிட அது எவ்வளவோ சாது. என்னிடம் பேசியவர் நல்ல மனிதர். காசு கொடுத்தவர்கள் என்ன சொல்வார்களோ என்ற பயம் அவருக்கு. இந்த வகைப் படங்களில் நான் காணும் பெரிய பலவீனம் இந்தப் பயம்தான்.

2023இல் வந்த ‘தி ஃபேஸ் ஆஃப் தி ஃபேஸ்லெஸ்’ பயப்படாமல் எடுக்க வேண்டிய கதை. இந்தூர்ப் பக்கம் ஏழைகளோடு வேலைசெய்து, 1995 பிப்ரவரி 25 அன்று பஸ்ஸில் குத்திக் கொல்லப்பட்ட கேரளக் கன்னியாஸ்திரி ராணி மரியாவைப் பற்றியது. கொன்ற சமந்தர் சிங்குக்கு ராணி மரியாவின் தங்கையே சிறைக்குப் போய் ராக்கி கட்டினார். ஷைசன் ஔசேப்பின் இயக்கத்தில் வின்சி அலோசியஸ் அடக்கமாக நடித்திருக்கிறார். ராணி மரியா எதிர்த்த வட்டிக்காரர்களின் உலகத்தைத் தொட்டிருப்பதே இந்த வகையில் ஒரு முன்னேற்றம். ஆனால் இந்தக் கதையில் எனக்குத் தூக்கம் கெடுத்தவன் சமந்தர் சிங். ராக்கி கட்டிய கையோடு ஒரு கொலைகாரன் அன்றிரவு எப்படிப் படுத்தான் என்பது. அவன் பக்கம் நின்று யாராவது இதே கதையை மறுபடி எடுக்கலாம்.

எங்கள் பக்கத்தில் இதற்கெல்லாம் மாற்று வெகுகாலமாக இருக்கிறது. திண்டுக்கல் மேட்டுப்பட்டி வியாகுல மாதா கோயிலில் இயேசுவின் பாடுகளை நடித்துக்காட்டும் பாஸ்கா நடக்கும். கிராமப் பங்குகளில் வாசகப்பா என்று புனிதர் கதைகளைப் பாட்டும் வசனமுமாக நடிப்பார்கள். அதில் கட்டியக்காரன் வந்து அரசனையே கிண்டல் செய்வான். ஊர்க்காரர்களே நடிகர்கள். பரபாசாக வருபவரிடம் எனக்குக் கடன் பாக்கி இருக்கும். சில ஊர்களில் சிலுவையிலிருந்து இறக்கும் நேரம் நடிகர் விலகிக்கொள்ள, சுரூபம் அந்த இடத்துக்கு வந்துவிடும். சினிமாவில் இதை வெட்டு என்பார்கள். இங்கே ஒருவரும் கவனிப்பதுகூட இல்லை. இத்தாலிய இயக்குநர் பசோலினி 1964இல் தென்னித்தாலிய ஊர்களில் சாதாரண மனிதர்களை நிறுத்தி, தம் சொந்தத் தாயையே வயதான மாதாவாக்கி மத்தேயு நற்செய்தியை எடுத்தபோது செய்தது ஏறக்குறைய இதுதான்.

அந்தப் படத்தில் வயதான மாதா சிலுவையடியில் துவண்டு விழுவார். பாஸ்காவில் மாதா ஒப்பாரி வைப்பார். மகனைப் பெற்றதையும் வளர்த்ததையும் சொல்லிச் சொல்லி அழுவார். கேட்கக் கூடாததையெல்லாம் கேட்பார். எந்தச் சாமியாரும் எழுந்து நிறுத்தியதில்லை. போன முறை என்னோடு வந்த பையன் முழுவதையும் போனில் எடுத்திருந்தான். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தோம். படம் ஆடுகிறது, பாதி நேரம் யாரோ ஒருவர் தலைதான் தெரிகிறது. மாதாவின் குரல் காற்றில் போய்விட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிழவியின் விம்மல் மட்டும் மைக் வைத்து எடுத்ததுபோல் தெளிவாகக் கேட்கிறது. பையன் அதை அழித்துவிடவா என்று கேட்டான். வேண்டாம் என்றேன்.