பிஸ்மியில் இல்லாத வினை

பிஸ்மில்லாஹ்வைத் தமிழாக்குவோர் பலர் இறுதியில் ‘தொடங்குகிறேன்’ என்றொரு வினையைச் சேர்த்துவிடுகின்றனர். விளங்கிக்கொள்ள அது உதவும்தான். ஆனால் அரபு மூலத்தில் வினைச்சொல் கிடையாது. ‘பி’ என்ற இடைச்சொல் ஒரு வினையை வேண்டி நிற்கிறது, அவ்வளவே. ஓதுபவர் ‘ஓதுகிறேன்’ என்றும் உண்பவர் ‘உண்கிறேன்’ என்றும் அதை நிரப்பிக்கொள்ளலாம் என்பர் அரபு இலக்கணிகள். ‘தொடங்குகிறேன்’ என்று நாமே எழுதிவிட்டால் பிஸ்மி முதற் கணத்தோடு நின்றுவிடுகிறது. செயல் முழுவதையும் தழுவுவதில்லை.

‘பெயரால்’ என்பதும் பாதிப் பொருள்தான். ‘பி’க்கு உதவிப் பொருளும் உண்டு, உடனிகழ்ச்சிப் பொருளும் உண்டு. நமது மூன்றாம் வேற்றுமையிலும் ‘ஆல்’ இருக்கிறது, ‘ஓடு’வும் இருக்கிறது. மொழிபெயர்ப்பில் ‘ஓடு’வை விட்டுவிட்டோம்.

“பிஸ்மி சொல்லித்தான் திண்டியா மகன்?” என்று உம்மாமார் கேட்பார்களே, அங்கே அந்த ‘ஓடு’ உயிரோடு இருக்கிறது.

எழுத்தில் வரும்போதோ பிஸ்மி பலருக்கு 786 ஆகிவிடுகிறது. அப்ஜத் முறைப்படி அதன் எழுத்துகளைக் கூட்டிப் பெற்ற எண் அது. திருநாமம் எழுதிய தாள் மிதிபடக் கூடாதென்ற பேணுதலைக் குறை சொல்ல வரவில்லை. ஆனாலும் எண் எந்த வினையையும் வேண்டி நிற்பதில்லை. ஸுலைமான் (அலை) ஸபா நாட்டு அரசிக்கு அனுப்பிய கடிதத்தில் பிஸ்மி சொற்களாகவே இருந்ததைக் குர்ஆன் (27:30) காட்டுகிறது.

கடைப் பலகையில் பிஸ்மி எழுதியாயிற்று. விடுபட்ட வினையைத் தராசு பிடிக்கிற கைதான் நிரப்ப வேணும்.