பத்து சென்டிமீட்டர் போதுமா?

கர்நாடக-தமிழக எல்லையிலுள்ள அத்திபெலேயின் மீன்கடைத் தட்டில் கிடக்கும் மத்தி எந்தக் கடலில் வளர்ந்தது என்று யாரும் கேட்பதில்லை. மங்களூரு, மல்பே பக்கமிருந்து வந்திருந்தால் அது அரபிக்கடல் மீன். ஓசூர் வழியாக ஏறி வந்திருந்தால் வங்கக்கடல் மீனாக இருக்கலாம். தமிழில் மத்தி, சாளை, மங்களூருக்காரர்களுக்குப் பூதாய். இனம் ஒன்றுதான். ஆனால் இரு கடல்களிலும் அதன் வளர்ச்சி ஒரே மாதிரி இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

காரணம் தீனி. தென்மேற்குப் பருவக்காற்றின்போது கேரள, கர்நாடகக் கரையோரம் ஆழத்து நீர் சத்துகளோடு மேலெழுகிறது. மத்தி விரும்பி உண்ணும் நுண்பாசிகள் அதில் பெருகுகின்றன. ஆடி கழிந்து வரும் மேற்குக்கரை மத்தியை வறுத்தால் சட்டியில் ஊற்றிய எண்ணெய் குறையாது, கூடும், அவ்வளவு கொழுப்பு. வங்கக்கடலிலோ பேராறுகள் கொட்டும் நன்னீர் மேலே படலமாக நிற்பதால் அடிநீர் எளிதில் மேலே வருவதில்லை. ஒரு காலத்தில் மேற்குக்கரைக்கே உரியதாகக் கருதப்பட்ட மத்தி, 1980களின் பிற்பகுதியிலிருந்து தமிழகக் கரையிலும் பெருமளவில் பிடிபடுகிறது. புதிய கடல், புதிய உணவு என்றால் வளர்ச்சிக் கணக்கையும் புதிதாகத்தான் போட வேண்டும்.

இந்தப் பின்னணியில்தான் குறைந்தபட்சப் பிடிப்பளவு, அதாவது குறித்த நீளத்துக்குக் குறைந்த மீனைப் பிடிக்கக் கூடாது என்ற நடைமுறையை எடைபோட வேண்டும். 2015இல் கேரளம் 14 இனங்களுக்கு இதைச் சட்டமாக்கியது. பின்னர் பட்டியல் 58 ஆனது. மத்திக்கு 10 சென்டிமீட்டர், அயிலைக்கு 14. இதன் பெரும்பலம் எளிமை. துறைமுகத்தில் ஓர் அளவுகோல் இருந்தால் போதும்; மீனவரும் அதிகாரியும் ஒரே எண்ணைப் பார்க்கிறார்கள். குஞ்சுகளைத் தீவன ஆலைக்கு அள்ளிச் செல்வதற்கு அது ஒரு தடை. 2012இல் நான்கு லட்சம் டன்னை நெருங்கிய கேரளத்தின் மத்திப் பிடிப்பு 2021இல் ஏறத்தாழ 3,300 டன்னாக விழுந்ததை நினைத்தால் இந்தக் காவலின் அருமை புரியும்.

குறையும் அந்த எளிமையிலேயே இருக்கிறது. நீளம் வேறு, வயது வேறு. மத்தி பொதுவாக 15 சென்டிமீட்டர் அளவில் முதிர்கிறது. வேகமாக வளரும் இடத்தில் 10 சென்டிமீட்டர் மீன் சில மாதக் குஞ்சு. தீனி குறைந்த இடத்தில் அதே நீளமுள்ள மீனுக்கு வயது கூடுதலாக இருக்கலாம். 2024இல் நல்ல பருவமழையால் கேரளக் கரையில் ஏராளமான குஞ்சுகள் பிழைத்தன. உணவுப் போட்டியில் அவை குட்டையாகவே நின்றுவிட்டன என்று மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் விளக்கியது. ஒரே கரையில்கூட ஆண்டுக்கு ஆண்டு வளர்ச்சி மாறுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

வளர்ச்சியை அளக்கும் முறையிலும் சிக்கல் உண்டு. வெப்பமண்டல மீனின் செதிலிலும் செவிக்கல்லிலும் ஆண்டு வளையங்கள் தெளிவாக விழுவதில்லை. அதனால் கரைக்கு வரும் மீன்களின் நீளங்களை மாதந்தோறும் அளந்து, கூட்டத்தின் நகர்வைக் கொண்டு வளர்ச்சியைக் கணிக்கிறார்கள். செலவு குறைந்த, பயனுள்ள முறை. ஆனால் செவுள்வலை தன் கண்ணுக்கேற்ற அளவு மீனையே பிடிக்கும். சுருக்குமடி கூட்டத்தையே வளைக்கும். இரு ஊர்களின் வலை வேறுபாட்டை மீனின் வளர்ச்சி வேறுபாடாக வாசித்துவிடும் ஆபத்து இதில் உண்டு.

வளர்ச்சி கரைக்குக் கரை மாறலாம் என்றால் பிடிப்பளவும் மாறலாமே என்று தோன்றும். அப்படிக் கரைக்கொரு அளவு வைத்தால் குழப்பம் வரும், மாநில எல்லை தாண்டும் லாரிகளை யார் சோதிப்பது என்ற வாதம் நியாயமானது. ஆனால் மீன்பிடித் தடைக்காலம் ஏற்கெனவே கடலைப் பார்த்துத்தான் வகுக்கப்பட்டிருக்கிறது: கிழக்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை; மேற்கே ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. நாட்களில் ஏற்ற வேறுபாட்டை நீளத்தில் ஏற்க முடியாதா?

பத்து சென்டிமீட்டர் விதியைக் கைவிடக் கூடாது. அதை அடித்தளமாக வைத்துக்கொள்ள வேண்டும். அதன்மேல் ஒவ்வொரு கரையிலும், ஒரே வகை வலையில் விழுந்த மீன்களை ஒப்பிட்டு, முதிர்ச்சி நீளத்தை ஆண்டுதோறும் கணித்து அளவைத் திருத்த வேண்டும். இறந்த பிறகு அளவுகோல் வைப்பதால் குஞ்சு பிழைக்காது. வலைக்கண்ணின் அளவும் சேர்ந்து மாற வேண்டும். மீன் எந்தக் கரையில் இறங்கியது என்ற குறிப்பு அத்திபெலே வரை பெட்டியோடு வரட்டும். எளிய விதியும் நுட்பமான கணிப்பும் கைகோத்தால்தான் மத்தி நிலைக்கும்.