பாதாள பைரவி: அலாவுதீன் உஜ்ஜயினிக்குப் போன கதை

ஒரு கதை யாருக்குச் சொந்தம் என்ற தர்க்கம் எங்கட இலக்கியக் கூட்டங்களில் அடிக்கடி எழும். "அது எங்கட கதை, அவங்க எடுத்துக்கிட்டாங்க" என்று ஒரு தரப்பு சொல்லும். "அது அவங்கட சாமிப் படம், எங்களுக்கென்ன வேலை" என்று மற்றத் தரப்பு சொல்லும். இந்த இரண்டு பேச்சையும் ஒன்றாக உரசிப் பார்க்கத் தோதான படம் 'பாதாள பைரவி'.

நாகி ரெட்டியும் சக்கரபாணியும் நடத்திய விஜயா நிறுவனத்துக்காக கே.வி. ரெட்டி இயக்கி, 1951இல் வெளிவந்த தெலுங்குப் படம் இது. அதே ஆண்டில் தஞ்சை ராமையாதாஸின் வசனத்தோடும் பாடல்களோடும் தமிழிலும் வந்தது. உஜ்ஜயினியில் தோட்டக்காரியின் மகன் தோட்ட ராமுடு (என்.டி. ராமராவ்) அரசகுமாரி இந்துமதியை விரும்புகிறான். அரசனுக்கு ஈடான செல்வத்தோடு வந்தால்தான் பெண் என்கிறான் அரசன். வீரமுள்ள ஒருவனைப் பலி கொடுத்து, கேட்டதையெல்லாம் தரும் சிலையைப் பெறக் காத்திருக்கும் நேபாள மந்திரவாதி (எஸ்.வி. ரங்காராவ்) இவனைக் குகைக்குக் கூட்டிப்போகிறான். சூதை அறிந்த ராமுடு அவனையே பலியாக்கிச் சிலையை எடுத்துக்கொள்கிறான். மாளிகை எழும்புகிறது. பிறகு மந்திரவாதி உயிர்பெற்று வந்து, சிலையைக் கைப்பற்றி, மாளிகையையும் பெண்ணையும் கொண்டு போய்விடுகிறான்.

ஏழைத் தாயின் மகன், ஏமாற்றும் மந்திரவாதி, நிலத்தடிக் குகை, ஒரே இரவில் மாளிகை, பின்பு அந்த மாளிகையே பறிபோவது என்று உம்மும்மாமார் சொன்ன அலாவுதீன் கதையின் எலும்பு அப்படியே தெரிகிறது. கே.வி. ரெட்டிக்கு இது புதிதல்ல. இதற்கு முன்னர் அவர் எடுத்த 'குணசுந்தரி கத' (1949) ஷேக்ஸ்பியரின் லியர் மன்னன் கதையைத் தழுவியது.

சரி, அலாவுதீன் "எங்கட" கதைதானா? ஆயிரத்தொரு இரவுகளின் பழைய அரபுக் கையெழுத்துப் பிரதிகளில் அது இல்லை. அலெப்போவைச் சேர்ந்த ஹன்னா தியாப் என்ற மரோனைட் கிறிஸ்தவர் 1709இல் பாரிஸில் அந்துவான் கலாந்துக்குச் சொல்ல, அவர் தம் பிரெஞ்சு நூலில் சேர்த்துக்கொண்டார். கதை நடப்பதோ சீன தேசத்தில்.

மற்றப் பக்கத்துக்கும் வருவோம். இப்படத்தின் இன்னொரு மூலம் மதிர சுப்பன்ன தீட்சிதுலுவின் 'காசி மஜிலி கதலு'. காசிக்குப் போகும் வழியில் தங்குமிடந்தோறும் சொல்லப்பட்ட கதைகள் அவை. தங்குமிடத்தைக் குறிக்கும் அந்த 'மஜிலி' அரபு 'மன்ஸில்' உருது வழியாகத் தெலுங்கில் நடந்த நடை. எங்கட வீட்டு வாசல்களில் எழுதி வைக்கிறோமே, அதே மன்ஸில்தான். காசி யாத்திரைக் கதைகளின் பெயரிலேயே எங்கட சொல் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. விளக்கைத் தேய்த்தால் ஜின் வந்து மாளிகை கட்டும் என்பதைக் கதையென்று ரசித்த நாங்கள், சிலை தரும் மாளிகையைக் கண்டு மட்டும் முகம் சுளிப்பதில் நியாயமில்லை.

ஆனால் படம் செய்த மாற்றங்களைச் சும்மா விடவும் முடியாது. கலாந்தின் அலாவுதீன் ஒரு சோம்பேறிப் பையன். விளக்கு தற்செயலாகவே அவன் கைக்கு வருகிறது. ராமுடு துணிச்சலால் சிலையைப் பெறுகிறான். சுதந்திரம் கிடைத்து நாலு வருஷமான நாட்டில், தோட்டக்காரியின் மகன் தன் தைரியத்தால் அரண்மனை வாசலைத் திறக்கிறான் என்பது சனங்களுக்கு இனித்திருக்கும். என்றாலும் அரசன் மதித்தது தைரியத்தையல்ல, செல்வத்தைத்தான். அந்தச் செல்வமும் உழைப்பில் வந்ததல்ல. ஏழைக்கும் அரசனுக்கும் நடுவிலுள்ள மதிலை இந்தப் படம் இடிக்கவில்லை, ஏறிக் குதிக்க ஏணிதான் கொடுக்கிறது.

இரண்டாவது குறை பெரிது. கலாந்தின் கதையில் மந்திரவாதியின் கோப்பையில் மருந்தைக் கலந்து கொடுப்பவள் அரசகுமாரி. புத்தி கணவனுடையதாயினும் செய்கை அவளுடையது. இங்கே மந்திரவாதியை ஏமாற்றித் தாடியை மழிக்க வைத்து, அவன் சக்தியை இழக்கச் செய்வது நாயகனின் கூட்டாளி அஞ்சி. இந்துமதிக்கு மிஞ்சியது அழுவதும் காத்திருப்பதும்தான். பழைய கதை பெண்ணுக்குக் கொடுத்திருந்த கையைப் புதிய ஊடகம் பறித்துவிட்டது.

மூன்றாவது, அந்த மந்திரவாதி. ரங்காராவின் நடிப்பு இன்றும் அசத்துகிறது. சொல்லை இழுத்து, அழுத்தி, தனக்குள் சிரித்துப் பேசும் அந்த மனிதன் இல்லையென்றால் படமே இல்லை. "டிம்பகா" என்று அவர் விளிப்பது தெலுங்கு மக்களின் வாயில் நிலைத்துவிட்டது. ஆனாலும் கவனியுங்கள்: அலாவுதீன் கதையில் கெட்டவன் மக்ரிபிலிருந்து வருகிறான், இங்கே நேபாளத்திலிருந்து வருகிறான். ஊர் மாறினாலும் தீமை வெளியூர்க்காரனாகவே வருகிறது. நாங்களும் சுத்தமில்லை. பஸராவின் ஹஸன் கதையில் வஞ்சகன் பஹ்ராம் ஒரு மஜூஸி. சிறுபான்மையாக வாழும் எங்களுக்கு, அந்நியனாகப் பார்க்கப்படுவதன் வலி தெரியும். ஆகவே எங்கட கிஸ்ஸாக்களைப் பதிப்பிக்கும்போதும் பிள்ளைகளுக்குச் சொல்லும்போதும், அதில் வரும் அந்நியனை நாங்கள் என்ன செய்கிறோம் என்று பார்க்க வேண்டும்.

மார்கஸ் பார்ட்லியின் ஒளிப்பதிவுக்காகவும், கண்டசாலாவின் இசைக்காகவும், முக்கியமாக ரங்காராவுக்காகவும் இந்தப் படத்தைப் பார்க்கலாம். வீட்டில் பிள்ளைகளோடு பாருங்கள். முடிந்ததும் அலாவுதீன் கதையையும் ஒருமுறை சொல்லுங்கள். அரசகுமாரி என்ன செய்தாள் என்ற இடத்தில் மட்டும் அவசரப்படாமல் சொல்லுங்கள்.