வலையை விரித்தவர் யார்?

உத்திரமேரூர் சபா மண்டபத்துச் சுவரைக் காட்டி, பராந்தக சோழன் காலத்துக் குடவோலை முறையைச் சொல்லிப் பெருமைப்படாதவர் இல்லை. கால் வேலி நிலம், சொந்த மனையில் வீடு, வேத ஞானம், 35க்கு மேல் 70க்குள் வயது! பெண் ஒருத்தி அதற்குள் நுழைய இடமே இல்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டிலோ தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேர் பெயரோடு இருக்கிறார்கள். பெயர் இருக்கிறது, பேச்சு இல்லை.

அந்தப் பேச்சைக் கேட்க, 1936-இல் வெளிவந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' நாவலைப் படிக்க வேண்டும். கலையழகு தேடிப் போனால் ஏமாந்து போவீர்கள். பாத்திரங்கள் வாயைத் திறந்தால் பிரசங்கம்தான். ஆனால் பெற்ற பெண்ணுக்குத் தாய் தொழில் சொல்லிக்கொடுக்கிற இடங்களில் என்ன உறுதி! பத்து ரூபாய்க்கும் ஒரு பழம் புடவைக்கும் தாசி வீட்டில் விற்கப்பட்ட சிறுமி அல்லவா எழுதுகிறாள்? நாமெல்லாம் தெருவில் நின்று எட்டிப் பார்த்து எழுதியவர்கள்.

1848-இல் அமெரிக்காவில், செனகா ஃபால்ஸ் என்ற ஊரில் கூடிய மாதர்கள், ஆண்கள் எழுதிய சுதந்திரப் பிரகடனத்தையே எடுத்து, ஆங்கிலேய அரசன் மீது சாட்டிய குற்றங்களுக்குப் பதில் ஆண்குலத்தின் மீது குற்றம் சாட்டினார்கள். அம்மையாரும் மைனரைக் கெடுக்கும் தாசி என்ற பழைய கதையைத்தான் எடுத்துக்கொண்டார். உள்ளே அதைத் திருப்பிப் போட்டார், தலைப்பில் திருப்பவில்லை. மோசம் பெண்ணுக்கு, மதி ஆணுக்கு! பொட்டுக் கட்டுவதைத் தடுத்துச் சென்னை மாகாணத்தில் 1947-இல் சட்டம் வந்தது. பொட்டுக் கட்ட வைத்த பெரிய மனிதர்களுக்கு மட்டும் அட்டையில் இடமில்லை.