மலையடிவாரத்துச் சில்லறை

நாணயம் சேர்க்கத் தொடங்கும் சிறுவன் முதலில் பளபளப்பில் மயங்குகிறான். குரங்கணியிலோ போடிநாயக்கனூரிலோ பிறந்தவனுக்கு அந்த மயக்கம் அநாவசியம் என்பது என் அபிப்பிராயம். டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் தேயிலைப் பெட்டிகள் குரங்கணிக்கு இறங்கிய காலத்தில், மேலே மலை திருவிதாங்கூர் மகாராஜாவுக்கும் கீழே போடி சென்னை மாகாணத்துக்கும் உரியனவாக இருந்தமையால், ஏலத்தோட்டங்களுக்கு ஏறி இறங்கிய குடும்பங்களின் பழைய தகரப் பெட்டிகளில் காலணாவோடு சக்கரம் என்ற திருவிதாங்கூர்க் காசும் கலந்து கிடந்தால் அதில் வியப்பில்லை.

அந்த வெள்ளிச் சக்கரத்தைப் போல் ரசிகனைச் சோதிக்கும் நாணயம் வேறில்லை. குன்றிமணியைவிடச் சற்றே பெரிதான அதை உள்ளங்கையில் வைத்து மூச்சுவிடவே பயமாக இருக்கும். பதினாறு காசு ஒரு சக்கரம், நாலு சக்கரம் ஒரு பணம், 28½ சக்கரம் ஓர் ஆங்கிலேய ரூபாய் என்று கணக்கு ஓடிய அந்த ராஜ்யத்தில், இந்தப் பொடிக் காசுகளை விரலால் எண்ணி மாளாது என்பதற்காகவே, காசளவு குழிகளை வரிசை வரிசையாகக் குடைந்த மரப்பலகை ஒன்று வைத்திருந்தார்கள். ஒரு பிடி அள்ளிப் பலகைமேல் போட்டுக் குலுக்கினால் குழிக்கு ஒன்றாகக் காசு அமர்ந்துவிடும், மிகுந்ததை வழித்துவிட்டால் எண்ணிக்கை முடிந்தது. திருவிதாங்கூர் அரை ரூபாயில் 1116 என்ற ஆண்டைக் கண்டு சோழர் காலத்துக்கே போய்விடும் பையனைக் கண்டு சிரிக்க வேண்டாம். அது கொல்லம் ஆண்டு என்றும், ஏறத்தாழ 825 கூட்டினால் 1941 கிடைக்கும் என்றும் சொன்னால் போதும்.

ஆங்கிலேயர் காசுகளில், விளிம்பு நெளிநெளியாக அமைந்த ஐந்தாம் ஜார்ஜ் காலத்து ஓரணாவைப் பூதக்கண்ணாடியில் பார்க்கச் சொல்வேன். உருது, வங்காளம், தேவநாகரி எழுத்துக்களோடு தெலுங்கும் அதில் இடம் பெற்றிருக்க, தமிழ் மட்டும் இல்லாமையைத் தமிழ்ப் பையன் தானே கண்டுபிடிக்கட்டும். வீட்டில் தெலுங்கு பேசும் போடிக் குடும்பத்துப் பிள்ளை அவனைக் கேலி செய்யவும் கூடும்! 1943 முதல் வந்த ஓட்டைக் காலணா, யுத்தத்துக்காக உலோகத்தைச் சிக்கனப்படுத்திய சமயத்தின் சாட்சி. இன்ன வருஷத்துக் காசுக்கு லட்ச ரூபாய் என்று பரவும் வதந்திகளைப் பற்றி நான் பேசப்போவதில்லை.

ஆனால் புளியைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும். பித்தளைச் சொம்பைத் துலக்கும் அதே உற்சாகத்தோடு காலணாவையும் துலக்கிவிடும் வீடுகளில், நூறு வருஷக் கைபட்டுச் செம்பின்மேல் படிந்த பழுப்பு நிறம் ஒரு நிமிஷத்தில் போய்விடுகிறது, திரும்ப வராது. விளிம்பைப் பிடித்து எடுப்பதும், மழைக்காலத்து ஈரத்தில் பச்சைக் களிம்பு ஏறாதபடி உலர்ந்த காகித உறைகளில் தனித்தனியே வைப்பதுமே போதுமான சிசுருஷை.

தேய்மானத்தை ஏன் மதிக்க வேண்டும் என்று பையன் கேட்டால், அவன் ஊரிலேயே பதில் இருக்கிறது. போடிநாயக்கனூரில் முத்திரை குத்திய பழங்கால வெள்ளிக் காசுகளின் புதையல் ஒன்று கிடைத்தது. பின்புறத்தில் இரட்டைக் கயல் போன்ற குறியிருப்பதால் அவற்றைப் பாண்டியரோடு சேர்த்துப் பேசுவார்கள். (இப்படி ஏதேனும் மண்ணிலிருந்து கிடைத்து, மதிப்பு பத்து ரூபாய்க்கு மேற்பட்டால், 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவித்தாக வேண்டும்.) அந்தப் புதையலை ஆராய்ந்தவர்களில் ஒருவர் டி. டி. கோசாம்பி, தொழிலால் கணித ஆசிரியர். கைமாறக் கைமாறக் காசின் சராசரி எடை குறைவதோடு, ஒன்றுக்கொன்று எடை வித்தியாசமும் அதிகரித்துக்கொண்டே போகும் என்பதை, தம் காலத்துச் சாதாரணச் சில்லறையை நிறுத்துப் பார்த்தே அவர் நிரூபித்தார். அதைப் பிரமாணமாகக் கொண்டு பண்டைய காசுகளில் எவை அதிக காலம் புழங்கியவை என்று வரிசைப்படுத்தவும் முனைந்தார்.

இதைப் போடிப் பையன் செய்து பார்க்கலாம். அச்சிட்ட ஆண்டு ஒன்றாகவே உள்ள, தேய்ந்த ரூபாய்க் காசுகள் இருபதும், அதே ரகத்தில் புதிதாக வந்தவை இருபதும் மளிகைக் கடையில் மாற்றிக்கொண்டு, தெரிந்த ஆசாரியின் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்து நோட்டில் எழுதட்டும். பிறகு அவற்றைச் செலவழித்துவிடலாம். நோட்டைப் பத்திரப்படுத்தினால் போதும்.